நண்டு திறந்த பூட்டு

ஜூன் 2, திங்கள்

ஹெல்கா ஒப்புக்கொண்டுவிட்டார். அடுத்த வெளியீட்டுக்குள் கடவுச்சொல் அரவையைத் திருத்தி எழுதுகிற வேலை எனக்கு.

‘லாட்ச்’ என்பது கணினிக்குள் யாரை விடலாம், யாரை விடக் கூடாது என்று வாசலில் நின்று பார்க்கிற நிரல்களின் தொகுப்பு. எங்கெங்கோ இருக்கும் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். தூத்துக்குடியிலிருந்து நான் ஒருத்தன். ஹெல்கா எங்களுக்குத் தலைவர். வடக்கே ஏதோ ஒரு பனி ஊரில் இருக்கிறார். நாம் அனுப்புவதற்கு ‘படித்தேன்’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தால் சந்தோஷமாக இருக்கிறார் என்று பொருள்.

கீழ்வீட்டிலிருந்து லூர்து அக்கா இட்லித் தட்டோடு மாடியேறி வந்தாள்.

“என்னல, மூஞ்சி பூரா பல்லா இருக்கு?”

விளக்கினேன். கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைத்தால் திருடன் வந்து படித்துவிடுவான். அதனால் அதை அரைத்து மாவாக்கி, மாவைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி ஆள் வந்து சொல்லும்போது, சொன்னதை அரைத்து, அந்த மாவும் இந்த மாவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். மாவிலிருந்து அரிசியை யாரும் திரும்ப எடுக்க முடியாது.

“இப்பவும் அரைக்கத்தான செய்யுது? நீ என்னத்தக் கிழிக்கப் போற?”

“இப்ப உள்ள மெஷினுக்கு வேகம் ஜாஸ்திக்கா. திருடன் கோடி வார்த்தைய அரைச்சு அரைச்சு ஒத்துப் பாத்துருவான். ஒவ்வொரு அரவைக்கும் நேரமும் எடமும் நெறைய பிடிக்கிற மாதிரி செஞ்சிட்டா அவனுக்குக் கட்டுப்படியாகாது.”

“உப்பு போடுவியா?”

“போடுவோம். ஆளுக்கு ஒரு உப்பு. ரெண்டு பேர் ஒரே வார்த்தைய வச்சாலும் மாவு வேறயா இருக்கும்.”

உப்பு உண்மையிலேயே உண்டு. நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து, பாதி இட்லி மிச்சமிருக்கும்போதே தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 7, சனி

கடலலை மகளிர் கால்பந்துக் கழகத்துக்கு யாரோ ஒரு பழைய கணினி கொடுத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்து தரச் சொல்லி அக்காவின் சிநேகிதி கேட்டிருந்தாள். அக்கா கொடுத்துவிட்ட பலகார டப்பாவோடு போனேன். வலை போட்டு வைத்திருந்த கொட்டகையைத்தான் கழக அறையாக்கியிருக்கிறார்கள். ஒரு மூலையில் இன்னும் மிதவைகள் கிடக்கின்றன.

பயிற்சியாளர் பெயர் பெர்னதெத். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகள் ‘மிஸ்’ என்கிறார்கள், அதனால் நானும் அப்படியே. ஒரு காலத்தில் மாநில அணியில் ஆடியவராம், முழங்காலில் அடிபட்டு நின்றதாம். ஒவ்வொருத்திக்கும் தன் ஆட்டத்தின் வீடியோவைத் தனியாகப் பார்க்கக் கணினியில் தனி வாசல் வேண்டும் என்றார். தமிழ் விசைப்பலகையும் போட்டு, எங்கள் லாட்ச்சின் சோதனைப் பதிப்பையும் ஏற்றிக் கொடுத்தேன். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது, என்னிடம்கூடச் சொல்லக் கூடாது என்று ஒரு சிறிய பிரசங்கம் செய்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை, தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஜூன் 13, வெள்ளி

கீபோர்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கழகத்துக்குப் போனேன். செய்கிறது.

ஜூன் 14, சனி

கீபோர்டு.

ஜூன் 19, வியாழன்

காலையில் மொட்டை மாடித் தொட்டியைக் கழுவினேன். அரவை நன்றாக வருகிறது. முன்பு கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது இப்போது ஒரு பெருமூச்சு விடும் நேரம் எடுக்கிறது. நுழைகிறவனுக்கு அந்தத் தாமதம் தெரியாது. கோடி தடவை முயல்கிற திருடனுக்கு ஆயுள் போதாது. ஹெல்காவுக்கு அனுப்பினேன். “படித்தேன்.”

அக்கா ஆலந்தலைப் பெண் ஒருத்தியின் படத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஆகஸ்ட் வரை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, எதையும் யோசிக்க முடியாது என்றேன்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு மட்டும் வேல இருக்காதோ?” என்றாள்.

ஐந்து மணிக்குப் பயிற்சி தொடங்கும் என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஆகஸ்டில் நாகர்கோவிலில் ஃபைனல் இருக்கிறது, அதற்கான பயிற்சியாக இன்று கழகத்துக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். வெளிச்சம் நல்லபடியாக இருந்ததால் நின்று பார்த்தேன்.

மிஸ் ஒரு புதிய கார்னர் உத்தியை ஐந்து பேருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்து, எதிரணியை அதில் சிக்கவைக்க நினைத்திருந்தார். எதிரணியில் பின்களத்தில் நிற்பது மரிய செல்சியா. கல்லூரி முதல் வருடம். பக்கவாட்டிலேயே ஓடி ஓடிப் பந்தை மறிப்பாள், அதனால் எல்லாருக்கும் அவள் நண்டு. மூன்று கார்னர் அடித்தார்கள். மூன்றுக்கும் பந்து வரப்போகிற இடத்தில் நண்டு முன்பே போய் நின்றாள்.

“எப்பிடிட்டி தெரியும் ஒனக்கு?” என்று மிஸ் கேட்டார்.

“நீங்கதான மிஸ் படம் போட்டு வச்சிருந்திய, கம்ப்யூட்டர்ல.”

அந்தப் படங்களை மிஸ் தன் வாசலுக்குள்தான் வைத்திருந்தாராம்.

ஜூலை 1, செவ்வாய்

என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். கொட்டகையில் மிஸ், நண்டு, வாசலில் மற்ற பிள்ளைகள்.

“நேராக் கேக்கேன், நண்டு. எம் பேர்ல உள்ளத எப்பிடித் திறந்த?”

“நா எங்க மிஸ் திறந்தேன்? உக்காந்தேன், என் பாஸ்வேர்டப் போட்டேன், வந்துச்சி. எனக்காவத்தான் போட்டு வச்சிருக்கியன்னு நெனச்சேன்.”

மிஸ் என் பக்கம் திரும்பினார். “சார், அவ பாஸ்வேர்டுக்கு எம் வாசல் திறக்குமா?”

கடைசியாக உட்கார்ந்தவர் பெயர் திரையில் நின்றிருக்கலாம், அதைக் கவனிக்காமல் நண்டு தன் கடவுச்சொல்லைப் போட்டிருக்கலாம், ஆனால் அதற்குத் திறக்க வழியே இல்லை என்று சொன்னேன். உப்பு, அரவை எல்லாம் சொன்னேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். மிஸ்ஸும் கேட்டார். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். கடைசியில், “மெஷின் பொய் சொல்லாது மிஸ்” என்றேன்.

நண்டு என்னைப் பார்த்தாள். “அப்ப நா சொல்லுதேனா சார்?”

நான் கீபோர்டின் வயரைச் சுருட்டி வைத்தேன்.

“பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிரு,” என்றார் மிஸ். “திட்டிட்டு விட்டுருதேன். பொய் சொல்லுதவளக் கூட்டிட்டு நா ஃபைனலுக்குப் போவ மாட்டேன்.”

“அப்பிடிச் சொன்னா அதுதான் மிஸ் பொய்.”

பூட்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமலே மணலில் நடந்து போய்விட்டாள்.

ஜூலை 3, வியாழன்

அரவை ஓடவில்லை. அதாவது, நன்றாக ஓடுகிறது. எனக்குத்தான் ஓடவில்லை.

மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனபோது, கவிழ்த்துப்போட்டிருந்த வள்ளம் ஒன்றில் நண்டு தனியாகப் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இன்னும் பலமாக அடித்தாள். ஊளி வாங்கிக்கொண்டு வந்தேன். முள் எடுக்கப் பொறுமையில்லை.

ஜூலை 5, சனி

காலையிலேயே நண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அக்கா காப்பி கொடுத்தும் குடிக்கவில்லை.

“ஒரே ஒரு தடவ வந்து பாருங்க சார். நா போடுதேன், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. அதுக்கப்புறம் பொய்யின்னா பொய்.”

கொட்டகைக்குப் போனோம். திரையில் மிஸ்ஸின் பெயர் நின்றது. நண்டு உட்கார்ந்து தட்டினாள். கண் சிமிட்டுவதற்குள் திறந்தது.

மூடிவிட்டு மறுபடி தட்டச் சொன்னேன். மறுபடியும் திறந்தது.

“என்ன போட்ட?”

“யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னிய.”

“இப்பச் சொல்லலாம்.”

“நண்டு.”

மிஸ்ஸும் அதே வார்த்தையை வைத்திருக்கிறாரோ என்று தோன்றியது. போன் செய்தேன்.

“மிஸ், உங்க பாஸ்வேர்டு நண்டா?”

“நா எதுக்கு நண்டுன்னு வைக்கேன்?”

“அப்ப என்ன?”

“யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய.”

நாம் சொல்வதை மனிதர்கள் இவ்வளவு கவனமாகக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. போனை வைத்துவிட்டேன்.

“மிஸ்ட்ட சொல்லல நீங்க,” என்றாள் நண்டு.

காரணம் தெரியாமல் சொல்வது முறையில்லை, தெரிந்ததும் நானே சொல்கிறேன் என்றேன். அது நியாயமான பதில்தான். அவள் என்னைப் பார்த்த பார்வையில்தான் நியாயம் கொஞ்சம் குறைந்து தெரிந்தது.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்து என் கணினியிலேயே சோதித்தேன். ஆங்கிலத்தில் என்ன வார்த்தை வைத்தாலும் ஒரு எழுத்து மாறினால் கதவு திறக்கவில்லை. பிறகு தமிழில் ‘மல்லி’ என்று வைத்தேன். கொத்தமல்லி வாங்க வேண்டும் என்று அக்கா கத்திக்கொண்டிருந்ததால் அதுதான் மனதில் வந்தது.

‘பல்லி’ என்று தட்டினேன். திறந்தது.

‘நல்லி’ திறந்தது. ‘வல்லி’ திறந்தது. ‘வள்ளி’ திறக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றிவந்து மறுபடி ‘பல்லி’ போட்டேன். திறந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். சொன்னேன்.

“மல்லி கேட்டா பல்லியக் குடுக்குதா? நம்ம கடைக்காரரு எவ்வளவோ தேவல.”

ஜூலை 7, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். நான் எழுதியதில் இல்லை. அரவைக்கு முன்னால், சொல்லை உரலுக்குள் அள்ளிப் போடுகிற பழைய வரி ஒன்றில். நான் இந்தக் கூட்டத்தில் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டது. யாரும் தொடவில்லை. நானும் அதைத் தினமும் கடந்துதான் போயிருக்கிறேன்.

தமிழ் எழுத்து கணினிக்குள் துண்டு துண்டாகத்தான் போகிறது. அந்த வரி துண்டுகளை நாலு நாலாகச் சேர்த்துக் கட்டுகிறது. ஆங்கிலத் துண்டு வந்தால் ஒழுங்காகப் பக்கத்தில் உட்கார்கிறது. தமிழ்த் துண்டு வந்தால், அதை அந்த வரி கழித்தல் எண் என்று தப்பாகப் படிக்கிறது. உடனே அந்தக் கட்டில் முன்னால் உட்கார்ந்திருக்கும் துண்டுகளெல்லாம் அழிந்துபோகின்றன. கடைசியாக வந்தது மட்டும் மிச்சம். அப்படி மிஞ்சியதை வைத்துப் பார்த்தால் மல்லியும் பல்லியும் ஒன்றுதான்.

ஒரு மாதமாக மாவை எப்படி இன்னும் நைசாக அரைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசியில் பாதிக்கு மேல் உரலுக்குள்ளேயே போகவில்லை.

மிஸ்ஸின் சொல் ‘ண்டு’ அல்லது ‘ட்டு’ என்று முடிந்தால்தான் நண்டுக்குத் திறக்கும். வண்டு? பட்டு? தட்டு? அடுத்தவர் கடவுச்சொல்லை யோசிப்பது தப்பு. மதியச் சாப்பாடு முடியும் வரை யோசித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மத்தியானம் எல்லாரையும் திரையில் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். பியோத்தர்தான் எங்களில் மூத்தவர், அந்தப் பழைய வரியை எழுதியவர். கோபப்படவில்லை, ஆனால் நம்பவில்லை.

“இத்தனை வருடத்தில் ஒருவரும் முறையிடவில்லையே. அந்த மாதிரி எழுத்துகளில் யார் கடவுச்சொல் வைக்கிறார்கள்?”

“எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணி,” என்றேன்.

பிறகு ஹெல்கா தொண்டையைச் செருமினார். “நானும்தான். என் ஊர்ப் பெயரில் தலைக்கு மேல் இரண்டு புள்ளி வைத்த எழுத்து வரும். அது இல்லாமல் நான் கடவுச்சொல் வைத்ததே கிடையாது.”

வெளியீடு நிறுத்தப்பட்டது. முதலில் இந்த ஓட்டையை அடைக்க வேண்டும், என் புதிய அரவை அதற்குப் பிறகுதான். ஒரு மாத வேலை கிடப்பில். வருத்தமாக இருக்க வேண்டும். எனக்குப் பசிதான் எடுத்தது. அக்காவிடம் கேட்டு வாங்கி ஆறு தோசை சாப்பிட்டேன்.

ஜூலை 9, புதன்

மைதானத்தில் மிஸ் தனியாகச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன முதல் வாக்கியம் மறந்துபோனதால் ஷேர் ஆட்டோவில் ஆரம்பித்தேன்.

“நாலு பேர் உக்கார்ற சீட்டுன்னு வச்சிக்கோங்க மிஸ். இங்கிலீஷ் ஆளு ஏறுனா ஒதுங்கி உக்காருதான். தமிழ் ஆளு ஏறுனா, முன்னாடி உக்காந்திருக்கவங்கள எல்லாம் வெளிய தள்ளிட்டு உக்காருதான்.”

“அப்ப கடைசியா ஏறுனவந்தான் மிச்சம்.”

“அதேதான். அந்த மிச்சத்த வச்சிப் பாத்தா உங்க வார்த்தையும் நண்டோட வார்த்தையும் ஒண்ணு.”

அவர் கையிலிருந்த டப்பாவிலிருந்து பொடி ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. கவனிக்கவில்லை.

“அப்ப அவ பொய் சொல்லல.”

“சொல்லல. நாந்தான் தப்பாச் சொன்னேன். நீங்க என்னையக் கேட்டிய, நா சொன்னத நம்பிட்டிய.”

“நீங்க சொன்னா நம்பலாம்னு இருந்துச்சி,” என்றார், குனிந்து பொடியை அள்ளிக்கொண்டே.

கொஞ்ச நேரம் இருவரும் பொடியை அள்ளினோம். பிறகு அவரே சொன்னார். “லட்டு.”

“என்னது?”

“என் பாஸ்வேர்டு. எப்பிடியும் மாத்தத்தான போறிய. மொத நாளு ஒரு டப்பா கொண்டாந்து வச்சியள்ல, அது.”

“அது அக்கா செஞ்சது மிஸ்.”

“யாரு செஞ்சா என்ன. கொண்டாந்தது யாரு?”

திரும்பும்போது வழியில் பெட்ரோல் தீர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கடல்காற்று நன்றாக இருந்தது.

ஜூலை 10, வியாழன்

நண்டைப் பார்க்க நாங்கள் இருவரும் கடற்கரைக்குப் போனோம். மிஸ்ஸின் முழங்காலுக்கு மணலில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பதால் என் வண்டியில் வந்தார். வண்டியில் போகத்தான் தூரம் ரொம்பக் குறைவு.

வள்ளத்தில் பந்து அடித்துக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. மிஸ் போய்ப் பந்தை மிதித்து நிறுத்தினார்.

“நா தப்பு பண்ணிட்டேன், நண்டு. மெஷின் தப்பா காட்டியிருக்கு. நீ சொன்னதுதான் உண்ம.”

நண்டு பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் கறாராக வந்தது.

“எல்லாரு முன்னாடியும்தான மிஸ் என்னையப் பொய் சொல்லுதவன்னு சொன்னிய?”

“எல்லாரு முன்னாடியும் சொல்லுதேன். நாளைக்கு வா.”

“மெஷின் சொன்னத நம்புனிய. சரி. நா மூணு வருசமா உங்ககிட்ட ஆடுதேன்.”

மிஸ் நண்டின் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டார். நான் போய் வண்டியின் சக்கரத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினேன். ரொம்ப மணல்.

ஜூலை 11, வெள்ளி

மைதானத்தில் வட்டமாக உட்கார வைத்து மிஸ் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. “நண்டு பொய் சொல்லல, நா அவசரப்பட்டுட்டேன், மன்னிப்புக் கேக்கேன்.” இவ்வளவுதான். பிறகு நான் எழுந்து, மெஷின் பொய் சொல்லாது என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஷேர் ஆட்டோவைச் சொன்னதும் எல்லாருக்கும் புரிந்தது.

“நண்டு, நீ ஏதும் சொல்லணுமா?” என்றார் மிஸ்.

“மன்னிப்பெல்லாம் சரி மிஸ். என் பாஸ்வேர்டு இப்ப ஊருக்கே தெரிஞ்சிபோச்சே, அதுக்கு என்ன செய்ய?”

சிரித்து முடிக்க நேரமாயிற்று. பயிற்சி தாமதமாகத்தான் தொடங்கியது.

ஜூலை 20, ஞாயிறு

வரியைத் திருத்துவது சுலபம். ஒரே வார்த்தைதான். திருத்தியதற்குப் பிறகு வருவதுதான் தலைவலி. உலகத்தில் எத்தனையோ கணினிகளில் பழைய மாவு இருக்கிறது. நேராக மாற்றினால், தமிழிலோ வேறு மொழியிலோ சொல் வைத்திருப்பவர்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே நிற்க நேரும். பழையபடி ஒரு தடவை உள்ளே விட்டு, அவர்கள் தட்டியதையே புதிதாக அரைத்து வைத்துக்கொள்ளலாம் என்றார் பியோத்தர். அதிலும் ஆபத்து. பழைய வழியில் லட்டு வந்தாலும் திறக்கும், நண்டு வந்தாலும் திறக்கும். நண்டு முதலில் வந்துவிட்டால் அப்புறம் வீடு நண்டுக்குத்தான் சொந்தம்.

ஒரு வாரம் எழுதி எழுதிப் பார்த்து முடிவுக்கு வந்தோம். பழைய மாவுக்கு ஒரு தனி அடையாளம். அந்த அடையாளம் உள்ளவர்களிடம், கணினியைப் பார்த்துக்கொள்கிறவர் நேரில் ஆளைத் தெரிந்துகொண்டு புதிய சொல் வைக்கச் சொல்ல வேண்டும். கொஞ்சம் சிரமம், ஆனால் யாரும் வெளியே நிற்க மாட்டார்கள், யாரும் அடுத்தவர் வீட்டுக்குள்ளும் போக மாட்டார்கள்.

பியோத்தர் இன்று தன் மொழியில் ஒன்றையொன்று திறக்கிற சொற்களாகத் தேடி எனக்கு அனுப்பியிருந்தார். ‘பூனை’யைப் போல ஏதோ ஒன்று ‘திமிங்கிலம்’ போல ஏதோ ஒன்றைத் திறக்கிறதாம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கடிதத்தில் சிரித்திருந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா. ஊரே தெருவில். கூட்டத்தில் மிஸ்ஸைப் பார்த்தேன். விசில் இல்லாமல், புடவையில். அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று. அக்கா போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்டால் “பொம்பளைக்குப் பொம்பள ஆயிரம் இருக்கும்” என்கிறாள்.

ஆலந்தலைப் படம் மேஜையில் இல்லை. நான் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஃபைனல். நாகர்கோவிலுக்கு வேனில் போனோம். கணினிக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அக்கா தண்ணீர்ப் பாட்டில்களுக்குப் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டு ஜன்னலோர சீட்டில் ஏறிக்கொண்டாள்.

எதிரணிப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பனைமரம். முதல் பாதி முழுக்கப் பந்து எங்கள் பக்கமே கிடந்தது. நண்டு இடமும் வலமுமாகப் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு தடவை கோல்கீப்பர் விழுந்துவிட, காலியான கோலுக்கு முன்னால் இவள் மட்டும் நின்று நெஞ்சைக் கொடுத்துத் தடுத்தாள். மிஸ் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். என் சட்டைக் கையைப் பிடித்திருந்தது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். நானும் சொல்லவில்லை. ஆடினால் விட்டுவிடுவாரோ என்று ஆடாமல் நின்றேன்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர். அந்த ரகசிய உத்திதான். நண்டையும் முன்னால் போகச் சொல்லி மிஸ் கையைக் காட்டினார். உத்திப்படி யாரும் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. பந்தும் போகவில்லை. கூட்டத்தில் தள்ளுமுள்ளு. வழி தேடித் திரும்பிய நண்டின் முதுகில் பந்து பட்டு உள்ளே போய்விட்டது.

அவளுக்கே தெரியாது. எல்லாரும் மேலே விழுந்து கட்டிப்பிடித்தபோது, “என்னாச்சிட்டி, என்னாச்சி?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்று பூஜ்யம். திரும்பும்போது வேனில் அவள் தூங்கிவிட்டாள், கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு. சட்டைக் கையில் சுருக்கம் அப்படியே இருக்கிறது. தேய்க்கப் போடவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வெளியீடு வந்துவிட்டது. ஓட்டையும் அடைபட்டது, என் அரவையும் உள்ளே போயிற்று.

இனி உலகத்தில் எங்கே யார் லாட்ச்சை ஏற்றினாலும், பல்லி வந்து மல்லியைத் திறக்கவில்லையே என்று மெஷின் முதலில் ஒரு தடவை சோதித்துக்கொள்ளும். ஓட்டையைக் கண்டவர் பெயரைப் போட வேண்டும் என்று ஹெல்கா கேட்டிருந்தார். முழுப் பெயரா என்று அவளிடம் கேட்டேன். “நண்டுன்னு போடுங்க சார். தமிழ்லயே.” அப்படியே போட்டோம். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஹெல்கா கேட்டார். பக்கவாட்டில் ஓடுவது, வள்ளம், முதுகால் போட்ட கோல் எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பினேன்.

“படித்தேன். இரண்டு முறை.”

செப்டம்பர் 6, சனி

கழகக் கணினியில் எல்லாருக்கும் புதிய சொல் வைத்தோம். நீளமாக, ஒரு வாக்கியமாகவே வைக்கச் சொன்னேன். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வைத்துவிட்டு மைதானத்துக்குப் போனார்கள். கடைசியாக மிஸ். வழக்கம் போல நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். சுவரில் ஒரு பல்லி இருந்தது.

தட்டிக்கொண்டே இருந்தார்.

“முடிஞ்சிச்சா மிஸ்?”

“இல்ல. நீளமா வைக்கணும்னு நீங்கதான சொன்னிய.”

மறுபடி தட்டல். பிறகு தட்டல் நின்றது.

“இதையும் யார்ட்டயும் சொல்லக் கூடாதோ?”

“கூடாது மிஸ்.”

“உங்களப் பத்தி இருந்தாலும்?”

பல்லி நகரவில்லை. நானும்தான். சரியாக எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சொல்ல முடியாது. அப்புறம் திரும்பினேன். கொட்டகையில் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. வெளியே வந்தபோது பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்து தன்பாட்டில் கடலைப் பார்த்து உருண்டுகொண்டிருந்தது. யாரும் அதன் பின்னால் ஓடவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள்.

மைக்கில் என் பெயர் வந்தபோது வேறு யாரோ ஒரு இஞ்ஞாசிக்குக் கல்யாணம் போலிருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று சொல்லி, சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். கடைசி இரண்டு பெஞ்சிலும் மொத்த அணியும் ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தது. காலையில் பயிற்சி முடிந்து அப்படியே வந்திருக்கிறார்கள். ஒருத்தி இருமினாள். இன்னொருத்தி அவளைக் கிள்ளியது இங்கே வரை கேட்டது. நண்டுதான் கிள்ளியிருப்பாள். அக்கா எனக்கு முன் வரிசையில், திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் அக்கா பிரியாணி செய்தாள். மிக்ஸியின் மூடி உடைந்துவிட்டது, மாற்ற வேண்டும். சாயங்காலம் பெர்னதெத் வீட்டுக்கு எல்லாரும் போக வேண்டும்.

பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன், மிஸ் போடாமல். எழுதிப் பார்க்க நன்றாக இருக்கிறது. பெர்னதெத்.